லுங்கியில் விட்டுப்போன கோடு

எங்கள் துறைத்தலைவரை நான் எப்போதோ மன்னித்துவிட்டதாக என்னோடு வேலை பார்த்தவர்கள் நினைக்கிறார்கள். இல்லை.

எழுபதுகளின் கடைசியில் வேலூரில் ஒரு மருத்துவமனையின் தோல்நோய்ப் பிரிவில் இளம் மருத்துவராக இருந்தேன். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளில் குரோம் தொட்டியில் வேலை செய்பவர்களின் கைகளில் குழி குழியாகப் புண் விழும். பஸ் ஏறிப் போய் அவர்களைச் சோதித்து, குறிப்பெடுத்து, படம் பிடித்தவள் நான். கையின் அடியில் விரிக்கக் கறுப்புத் துணி கேட்டேன், துறையில் தரவில்லை. என் அப்பா குடியாத்தத்தில் தறி போட்டிருந்தார். நெசவில் ஒரு கோடு விட்டுப்போனதால் விற்காமல் கிடந்த கட்டம்போட்ட லுங்கி ஒன்றை வீட்டிலிருந்து எடுத்துவந்தேன்.

“இன்னா டாக்டரம்மா, லுங்கி விளம்பரமா?” என்று சிரித்தார், அதன்மேல் கையை வைத்த தொழிலாளி.

அந்தப் புண்களைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. துறைத்தலைவர் பெயர் மட்டும் இருந்தது. போய்க் கேட்டேன்.

“படம் புடிச்சதுக்கெல்லாம் பேர் போட்டா வார்டு ஆயாவுக்கும் போடணும்மா,” என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அடுத்த ஆண்டு நூலகத்தில் ஒரு வெளிநாட்டு இதழைப் புரட்டினேன். வேறொரு ஊர்த் தொழிலாளர்களிடம் புதிதாகச் செய்த ஆய்வு என்று அவர் பெயரில் ஒரு கட்டுரை. உள்ளே என் குறிப்புகள், என் படம். படத்தைத் திருப்பிப் போட்டு வலக்கையை இடக்கை ஆக்கியிருந்தார். கையை மாற்றியவர் துணியைக் கவனிக்கவில்லை. கட்டைவிரலை ஒட்டி அப்பா விட்ட கோடு அப்படியே இருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இரண்டு கட்டுரைகளிலும் அந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டு, அந்த இதழின் ஆசிரியருக்கு அனுப்பினேன். மாதங்கள் போயின. கடைசியில், இது முன்பே வெளியான ஆய்வு, ஆகவே விலக்கிக்கொள்கிறோம் என்று ஒரு சிறு அறிவிப்பு அச்சானது. அறிவிப்பு வந்த இதழ் மட்டும் எங்கள் நூலகத்தில் வைக்கப்படவில்லை. துறைத்தலைவர் அறைக்குள் போய் அங்கேயே தங்கிவிட்டது. எனக்கும் ஒரு பிரதி வந்திருந்தது அவருக்குத் தெரியாது.

எங்கள் துறையில் சனிக்கிழமைதோறும் யாராவது ஒருவர் புதிய இதழிலிருந்து ஒன்றை வாசிக்கவேண்டும். முதல் கேள்வி துறைத்தலைவருடையது. அவர் கேட்டுப் பதில் வாங்கும்வரை வாசித்தவர் உட்காரக் கூடாது. விதியை வைத்தவர் அவரே. நிற்கவைத்தே பல பேரை அழவைத்திருக்கிறார்.

என் முறை வந்தது. மேசையில் லுங்கியை விரித்தேன்.

“என்னம்மா, துணியெல்லாம்?”

“இன்னிக்குப் படிக்கிறதுக்கு வேணும் சார்.”

அறிவிப்பை நிதானமாக வாசித்தேன், அவர் பெயர் வந்த இடத்தில் கொஞ்சம் சத்தமாக. பிறகு இரண்டு படங்களையும் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

அந்த அறிவிப்பால் என் பெயர் எங்கும் ஏறிவிடவில்லை. முதல் கட்டுரை இன்றும் அவருடையதுதான். அது தெரிந்துதான் நின்றேன்.

டீ வந்து ஆறியது. அவர் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உட்காரும்மா,” என்றார் கடைசியில்.

“நீங்க இன்னும் கேள்வி கேக்கலியே சார்,” என்றேன். நின்றுகொண்டே இருந்தேன்.