போன் அக்காவின் பதினொரு நிமிடம்

அந்தத் துணை மின்நிலையத்தில் எல்லோரும் அவளைப் போன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வருகைப் பதிவேட்டில் இருக்கும் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், அவளே ஒரு நொடி யோசித்துத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

அவள் உட்காரும் இடம் பேனல் அறையின் மூலையில். எதிரே சுவர் நீளத்துக்கு மீட்டர்கள். மேசையில் ஒரு கறுப்பு போன். அதில் எண் கிடையாது. எடுத்தாலே எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நிலையத்தில் மணியடிக்கும். இந்தப் பக்கம் மலையடிவாரம் முழுக்கக் காற்றாலைகள். அந்தப் பக்கம் பெரிய அணை. இங்கே காற்று அடிக்கும்போது கரண்ட் அங்கே போகும், அவர்கள் தண்ணீரைத் தேக்கி வைப்பார்கள். காற்று ஓய்ந்தால் அங்கிருந்து தண்ணீர்க் கரண்ட் இங்கே வரும். இரண்டு நாடுகளும் போட்ட ஒப்பந்தம் நூற்றுச் சொச்சம் பக்கம். போன் அக்காவுக்குத் தெரிந்த ஒப்பந்தம், போனில் கேட்கும் ஒரு குரல்.

"அண்ணே, காத்து ஏறுது. பத்து நிமிஷத்துல எண்பது மெகாவாட் தொட்டுடும்."

"சரி தங்கச்சி. நான் அணையில ஒரு மெஷினை நிறுத்தச் சொல்றேன்."

"எங்க காத்தைக் குடிச்சிட்டு உங்க தண்ணியை மிச்சம் பிடிங்க."

"அந்தத் தண்ணிதாம்மா நாளைக்கு உன் வீட்டு ஃபேனைச் சுத்தப்போகுது. வாயை மூடிக்கிட்டு மீட்டரைப் பாரு."

ஆறு வருடமாக இந்தப் பேச்சு. நேரில் பேச வராத பெண் அவள். நாலு பேர் இருக்கும் அறைக்குள் போகவே சுவரை ஒட்டி நடப்பாள். போனில் மட்டும் வாய் கொழுத்துவிடும்.

இருவருக்கும் இடையில் விதிப்புத்தகத்தில் இல்லாத ஒரு வழக்கம் இருந்தது. கம்பியில் வேலை செய்ய ஆட்கள் ஏறும்போது 'லைன் கிளியர்' கொடுப்பார்கள். கரண்டை நிறுத்தியாயிற்று, ஏறலாம் என்ற அனுமதி அது. வேலை முடிந்ததும் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகத் தலைமை அலுவலகங்கள் வழியாகக் காகிதம் வரும். காகிதம் வந்தால் பிரேக்கரைப் போட்டு மறுபடி கரண்டை விடலாம் என்பது விதி. ஆனால் காகிதம் வந்த பிறகும் அவள் அண்ணனின் போனுக்காகக் காத்திருப்பாள். "ஏழு பேர் ஏறினாங்க, ஏழு பேரும் இறங்கிட்டாங்க. நானே எண்ணிட்டேன்" என்று அவர் சொன்ன பிறகுதான் தன் சாவியைக் கொடுப்பாள். பிரேக்கர் பேனலைத் திறக்க இரண்டு சாவிகளும் வேண்டும். ஒன்று இன்ஜினியரிடம், ஒன்று பணியில் இருக்கும் உதவியாளரான அவளிடம்.

அவள் புருஷன் லைன்மேனாக இருந்தவர். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவர் கம்பத்தின் மேல் இருக்கும்போதே, எல்லோரும் இறங்கிவிட்டதாக ஒரு காகிதம் போய்ச் சேர்ந்தது. கையெழுத்து, முத்திரை எல்லாம் சரியாக இருந்தது. கரண்டை விட்டார்கள். அவருடைய வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. அவருக்குப் பதிலாகத்தான் இவளுக்கு இந்த வேலை. தற்காலிகம் என்று சொல்லிச் சொல்லியே ஒன்பது வருடம் ஓடிவிட்டது. இந்தத் தடவைதான் நிரந்தரம் செய்ய அனுப்பிய பட்டியலில் அவள் பெயரும் போயிருந்தது.

புது லைன் திறக்கும் நாள் வந்தது. பழைய லைனைப்போல மூன்று மடங்கு கரண்ட் போகக்கூடியது. அந்தப் பக்கத்து நாட்டின் தலைநகரில் ஒரு மண்டபத்தில் இரண்டு நாட்டுப் பெரியவர்களும் சரியாக நாலு மணிக்குப் பொத்தானை அழுத்தி ஒரு பல்பை எரிய வைக்கப் போகிறார்கள். பொத்தான் சும்மா ஒப்புக்குத்தான். பிரேக்கரைப் போட வேண்டியது இங்கே.

மூன்று ஐம்பதுக்குக் காகிதம் வந்துவிட்டது. லைன் கிளியர் திரும்பியது, எண் இவ்வளவு, எல்லாம் சரி. போன் மட்டும் வரவில்லை. அவளே எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"அக்கா, சாவி" என்றார் இன்ஜினியர். வயதில் அவளுக்குத் தம்பி மாதிரி.

"ஒரு நிமிஷம் சார். அண்ணன் போன் எடுக்கல."

"காகிதம் வந்தாச்சேக்கா. நாலு ஆகப் போகுது."

"எண்ணிட்டாங்களான்னு கேட்டுட்டா..."

"யாரை எண்ணணும்? அங்க கைதட்டறதுக்கு ஆள் உக்காந்திருக்காங்க, என் உசிரை வாங்காதீங்க!"

அவள் சாவியை உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டாள். நாலு அடித்தது. இன்ஜினியரின் கைப்பேசி விடாமல் அலறியது. "இதோ சார், இதோ சார்" என்று அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். காற்றாலைக்காரர்கள் இறக்கைகளை நிறுத்தச் சொல்கிறீர்களா என்று கத்தினார்கள். அவள் போனை வைத்து வைத்து எடுத்தாள். நாலு பதினொன்றுக்கு யாரோ எடுத்தார்கள். தெரியாத குரல்.

"அண்ணன் இல்லையா?"

"அவரை இன்னைக்குக் காலைலதான் மாத்தினாங்க. தூரத்து அணைக்கு. ரிட்டயராக நாலு மாசம்தான், அதுக்குள்ள அலைக்கழிக்கிறாங்க. என்ன வேணும்?"

"கம்பியில யாராவது..."

"ஆளுங்க இறங்கி அரை மணி ஆச்சும்மா. காகிதம் வரலையா?"

சாவியைக் கொடுத்தாள். இன்ஜினியர் பிரேக்கரைப் போட்டார். மீட்டர் முள் ஏறியது. கம்பியில் யாருமே இருந்திருக்கவில்லை. பதினொரு நிமிடம் இரண்டு நாட்டுப் பெரியவர்களும் எரியாத பல்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பக்கத்து நாட்டை நம்பிக் கரண்ட் வாங்கினால் இப்படித்தான் என்று மறுநாளே அங்கே பேச்சு கிளம்பியது.

மூன்றாம் நாள் மெமோ வந்தது. தாமதத்துக்கு விளக்கம் எழுதித் தர வேண்டும்.

இன்ஜினியர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அந்தப் பக்கத்து ஆள் போன் பண்றேன்னு சொல்லியிருந்தாரு, பண்ணலைன்னு எழுதுங்கக்கா. அதோட முடிஞ்சுது. உங்க பேர் பட்டியல்ல நிக்கும்."

"அவர் அன்னைக்கு அங்க இல்லையே சார்."

"அதைத்தான் சொல்றேன். சொல்லாமப் போனாரு. அவங்க பாத்துக்குவாங்க."

எப்படிப் பார்த்துக்கொள்வார்கள் என்பது அவளுக்குத் தெரியும். விதியில் இல்லாத போனை ஆறு வருடம் ஏன் பேசினாய் என்று கேட்பார்கள். ஓய்வூதியத்தை நிறுத்தி வைப்பார்கள்.

வீட்டில் காகிதத்தை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஃபேன் காற்றில் அது படபடத்தது.

"மேடம் என்ன எழுதப் போறீங்க?" என்றார் புருஷன். கோபம் வந்தால் அவருக்கு அவள் மேடம்.

"தெரியல."

"இன்ஜினியர் சொன்னபடியே எழுது. அந்த ஆள் யாரு உனக்கு? மூஞ்சியக்கூடப் பாத்ததில்ல."

"நீங்க மேல இருந்தப்ப, கீழ ஒருத்தர் எண்ணியிருந்தா?"

அவர் நாற்காலியை நகர்த்தி வந்து, மொட்டைக் கையை மேசையில் வைத்துக் காகிதம் பறக்காமல் அழுத்திக்கொண்டார். "எழுதித் தொலை. எழுத்துக் கோணாம எழுது."

நாலு வரிதான் எழுதினாள். காகிதம் சரியாக வந்தது. எனக்குப் பயமாக இருந்தது. அதனால் சாவியைத் தரவில்லை. காத்திருக்கும்படி யாரும் எனக்குச் சொல்லவில்லை.

காலையில் இன்ஜினியர் அதை இரண்டு தடவை படித்தார்.

"இதை அனுப்பினா நிரந்தரம் கிடைக்காதுக்கா. ஒன்பது வருஷம்."

"தெரியும் சார்."

"சரி, இனிமே காகிதம் வந்தா உடனே சாவி தருவீங்களா? அதையாவது சேத்து எழுதுங்க. நான் நாலு வார்த்தை நல்லதாப் போட்டு அனுப்புறேன்."

தரமாட்டாள் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. அவர் நீட்டிய பேனாவை அவள் வாங்கவில்லை. அவர் அதற்கு மூடி போட்டுச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். கடிதத்தை அப்படியே மடித்து உறையில் போட்டு, தபால் பையில் வைத்தார்.