வாத்தியார் பெட்டிக்கு ஏற்ற கொடி

பெட்டிக்காரர் என்றுதான் தெருவில் அவருக்குப் பெயர். சவப்பெட்டி செய்கிற தச்சர். வாடிக்கையாளரை வழியனுப்பும்போது ‘மறுபடி வாங்க’ என்று வாய் தவறிக்கூடச் சொல்ல முடியாத தொழில்.

ஒருநாள் கணக்கு வாத்தியாரின் பிள்ளைகள் வந்தார்கள். அப்பாவுக்கு டாக்டர் கைவிரித்துவிட்டார், பெட்டி ஒன்று தயாராக இருக்கட்டும் என்றார்கள். வாத்தியார் ஆள் ஒட்டடைக்கம்பு மாதிரி நீளம். பலகை இழைத்து, பாலிஷ் போட்டு முடித்த அன்றைக்கு அந்த மனுஷர் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டாராம். பிள்ளைகள் பெட்டி வேண்டாம் என்றுவிட்டார்கள். அந்த நீளத்துக்கு ஊரில் வேறு யாரும் சாகவுமில்லை.

பெட்டி பட்டறையை அடைத்துக்கொண்டு கிடந்தது. அதில் முழங்காலை இடித்துக்கொண்ட மனைவி, இந்த வீட்டில் ஒன்று அது இருக்க வேண்டும், இல்லை நான் என்றாள். பெட்டிக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். மூடியை ஆணியடித்து, பெட்டியைக் குறுக்கே அறுத்து, வெட்டிய பக்கம் மேலே பார்க்க இரண்டு பாதியையும் வாசலில் நிமிர்த்தினார். அடியில் ஓட்டை போட்டு, பாதிவரை உடைந்த ஓடு, மேலே மண். இடுப்புயரத் தொட்டிகள் தயார்.

முதலில் வைத்த ரோஜா விறைப்பாக நின்றது. உள்ளேயிருந்து யாரோ தலையை நீட்டுகிற மாதிரி இருக்கிறது என்று எதிர்வீட்டுக்காரி கதவைச் சாத்திக்கொண்டாள். பக்கங்களை மறைக்கிறாற்போல் எதையாவது தொங்கவிட வேண்டும். மனைவி காகிதப்பூக் கொடி வாங்கிவந்தாள். அதன் முள், துக்கத்தோடு வந்தவர்களின் சட்டையைப் பிடித்து இழுத்தது. அடுத்து மணி பிளான்ட். சவப்பெட்டிக் கடைக்கு இதுவா என்று நாலு பேர் சிரித்ததுதான் மிச்சம்; அது சுவரைப் பற்றிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டது.

“சுவத்துலேர்ந்து தொட்டியத் தள்ளி வைங்க,” என்றாள் நர்சரிக்காரி. “பிடிக்க ஒண்ணும் கிடைக்கலன்னா கொடி தன்னால தொங்கும்.” வெயிலுக்குச் சர்க்கரைவள்ளி சீக்கிரம் படரும் என்று சில துண்டுகளையும் கொடுத்தாள்.

பெட்டிக்காரர் அதை நட்டுக்கொண்டிருந்தபோது கைத்தடியோடு வாத்தியாரே வந்து நின்றார். இரண்டு தொட்டியையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“இதுல என் தலப்பக்கம் எதுப்பா?”

பெட்டிக்காரர் கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். “வலது பக்கம் இருக்கறது, சார்.”

“அதுல சங்குப்பூ வை. காலுல உன் இஷ்டம்.”

மறுநாளிலிருந்து தண்ணீர் ஊற்றவும் அவரே வந்தார். ஊற்றி ஊற்றிச் சங்குப்பூ இலையெல்லாம் மஞ்சளடித்தது. மனைவி குவளையைப் பிடுங்கி வைத்த பிறகுதான் அது தேறி, நீலநீலமாகப் பூத்துத் தரைவரை இறங்கியது. அதற்குள் சர்க்கரைவள்ளி தெருவுக்கே போயிருந்தது. தலையைவிடக் கால் செழிப்பாக இருக்கிறதே என்று வாத்தியாருக்கு உள்ளுக்குள் பொறாமை.

மண் மாற்றும்போது சர்க்கரைவள்ளியின் அடியில் கொழுகொழுவென்று கிழங்குகள் இருந்தன. மனைவி வேகவைத்துத் தட்டில் நீட்டினாள்.

“உங்க காலுல விளைஞ்சது, சார்.”

வாத்தியார் நின்றபடியே ஒன்றைத் தோலுரித்துத் தின்றார். உப்புப் போதவில்லை என்றார். இன்னொன்றும் தின்றார்.

“பசங்களுக்கும் ரெண்டு கட்டிக் குடும்மா.”

பிள்ளைகள் அதைத் தொடவே இல்லை என்று பெட்டிக்காரரும் மனைவியும் பிறகு கேள்விப்பட்டார்கள்.