சங்ககிரி வளைவில் ஒரு கை

என் எழுத்துமேசைக்கு எதிர்ச்சுவரில் ஒரு ரயில் எஞ்சினின் புகைப்படம் மாட்டியிருக்கிறது. சிவப்பு எஞ்சின், நெற்றியில் வெளிர்மஞ்சள் பட்டை. கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து சேலத்தை நோக்கிப் போகும் காலை வண்டி. வளைவில் திரும்பும்போது எடுத்ததால் பின்னால் வரும் பெட்டிகள் அரிவாளைப் போல வளைந்து தெரிகின்றன. வெயில் நேராக எஞ்சினின் முகத்தில் விழுந்து ஒவ்வொரு திருகாணியும் தெரிகிறது. பக்கத்து ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே நீண்டு உயர்ந்திருக்கிறது. சட்டையை முழங்கை வரை மடித்துவிட்ட கை, ஐந்து விரல்களும் விரிந்திருக்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டு, ஓட்டுநர் ஏதோ சைகை காட்டுகிறார் என்பார்கள். நான் மறுத்துச் சொல்வதில்லை. அந்தக் கை என் அக்காவுக்காக நீட்டப்பட்டது. அக்கா படத்தில் இல்லை.

படத்தை எடுத்தவர் அக்காவின் கணவர், என் மாமா. சங்ககிரி புறவழிச்சாலையில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். வாரம் முழுவதும் ஸ்பிரிங் பட்டையும் கிரீஸ் டப்பாவுமாக இருக்கும் மனிதர், ஞாயிற்றுக்கிழமை விடியும்போது கைகளை இருமுறை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு கேமராப் பையைத் திறப்பார். இந்தப் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. அவர் வீட்டில் யாரும் ரயில்வேயில் வேலை பார்த்ததில்லை. அவரும் அதிகம் ரயிலில் போகிறவர் இல்லை. எஞ்சினைப் பார்க்க வேண்டும், பார்த்ததைப் படம் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். எந்த எஞ்சின் எந்தப் பணிமனையைச் சேர்ந்தது, வழக்கமாக எந்த வண்டியை இழுக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. வேறு ஊர்ப் பணிமனையின் எஞ்சின் ஒன்று வழிதவறியதுபோல நம் பக்கம் வந்துவிட்டால் அன்றைக்கு அவருக்குத் திருவிழா. இவரைப் போன்றவர்கள் ஈரோட்டிலும் சேலத்திலும் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதும், வாட்ஸப்பில் குழு வைத்திருக்கிறார்கள் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அக்கா முதலில் அவரோடு போனது துணைக்கு மட்டுமே. மகள் படிப்புக்காக வெளியூர் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வீட்டில் தனியாக இருந்து என்ன செய்வது என்று கிளம்பினாள். கையில் ஒரு பிளாஸ்க் காப்பி, ஒரு டப்பாவில் இட்லி, ஜவுளிக்கடையில் தீபாவளிக்குக் கொடுத்த கத்திரிப்பூ நிறக் குடை. நான் நாமக்கல்லில் ஒரு முட்டை வியாபார அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். விடுமுறைக்கு அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நானும் அவர்களோடு அந்த வளைவுக்குப் போயிருக்கிறேன்.

தெரிந்தவர் ஒருவரின் சோளக்காட்டு வரப்பு அது. ரயில்வேயின் எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம், கிளுவை முள்வேலியை ஒட்டி நிற்பார்கள். மாமா அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வெயில். காலை வண்டி மேற்கிலிருந்து வரும். சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். அப்போதுதான் எஞ்சினின் முகம் துலங்கும். ஆனால் அதில் ஒரு சங்கடம் உண்டு. சூரியன் முதுகில் அடித்தால் நம் நிழல் நமக்கு முன்னால், படத்துக்குள் போய் விழும். மாமா குத்துக்காலிட்டு உட்கார்ந்து தன் நிழலைச் சுருக்கிக்கொள்வார். அக்காவுக்கும் குடைக்கும் அந்த வித்தை தெரியாது.

"ஏம்புள்ள, நெழலு உழுகுது பாரு. இன்னும் பின்னால போ."

"இன்னும் பின்னால போனா எங்க அப்பன் ஊட்டுக்கே போயிருவேனுங்க."

இந்த இரண்டு வாக்கியங்களும் வாராவாரம் நடக்கும். அப்படியும் சில படங்களில் குடையின் நிழல் சோளத்தட்டின் மேல் வட்டமாக விழுந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் மாமா முதல் வேலையாக அவற்றைக் கணினியில் பொறுக்கி அழிப்பார். படம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் குழுவில் எல்லோருக்கும் பொதுவான விதி. ஆள் கூடாது, நிழல் கூடாது, எஞ்சின் மட்டுமே.

சும்மா நின்று அலுத்துப்போய் ஒரு நாள் அக்கா, வந்த வண்டிக்குக் கையை ஆட்டினாள். ஓட்டுநர் பதிலுக்குக் கை காட்டி ஒரு ஹாரனும் அடித்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. ஜன்னலிலிருந்து கை வெளியே வந்ததால் படம் கெட்டுவிட்டது என்று மாமா ஆரம்பத்தில் முணுமுணுத்தார். பிறகு குழுவில் யாரோ, "ட்ரைவரே கை காட்டியிருக்காரே, உங்களுக்கு யோகம்" என்று எழுதியதும் முணுமுணுப்பு நின்றுவிட்டது. யோகம் யாருடையது என்று அவரும் எழுதவில்லை, அக்காவும் கேட்கவில்லை.

பக்கத்துக் காட்டில் வெள்ளாடு மேய்க்கும் அம்மாள் ஒருவர் இருந்தார். அவருக்கு இவர்களைப் பார்த்தாலே சிரிப்பு.

"ஏஞ்சாமி, ரயிலுக்கு மாப்ள கீப்ள பாக்கறீங்களா? வாராவாரம் வந்து போட்டோ புடிக்கறீங்க?"

"ஆமாங்க," என்றாள் அக்கா. "சாதகமெல்லாம் எடுத்தாச்சுங்க. பொண்ணு ஒரு எடத்துல நின்னு பேசமாட்டீங்குது."

அந்த அம்மாள் ஆடுகளை விட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்து சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

அதற்கும் காரணம் உண்டு. அக்காவுக்கு மேல்வரிசைப் பற்கள் சற்று முன்னால் தள்ளியிருக்கும். சிறுவயதில் பள்ளிக்கூடத்தில் கேட்ட பேச்சுகளால் அவள் வாயைத் திறந்து சிரிப்பதை விட்டுவிட்டாள். கல்யாணம், சீர், காதுகுத்து என்று எங்கள் வீட்டு விசேஷப் படங்கள் எல்லாவற்றிலும் அவள் இருக்கிறாள். எல்லாவற்றிலும் உதட்டை இறுக்கி மூடி, யார்மேலோ கோபமாக இருப்பவளைப்போல நிற்கிறாள். போனில் யாராவது படம் எடுத்தாலும் சட்டென்று அந்த முகம் வந்துவிடும்.

ஆனால் ரயில் வரும்போது அவள் வேறு ஆள். தண்டவாளத்தில் முதலில் ஒரு கிசுகிசுப்புக் கேட்கும். பிறகு மண் அதிரும். எஞ்சின் எங்களைத் தாண்டும் அந்தக் கணத்தில் காற்று வந்து குடையைப் பிடுங்கும். அவள் ஒரு கையால் குடையை இழுத்துப் பிடித்து, மறு கையை உச்சிக்கு மேல் தூக்கி ஆட்டியபடி வாய்விட்டுச் சிரிப்பாள். பற்கள் அத்தனையும் தெரியும். என்னவோ கத்தவும் செய்வாள். சத்தத்தில் ஒன்றும் கேட்காது. கடைசிப் பெட்டி போனதும் வாய் தானாக மூடிக்கொள்ளும். பிளாஸ்கைத் திறந்து காப்பி ஊற்றுவாள். நான் அவளுக்குப் பக்கத்தில் நின்று சில தடவை இதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு வேலைநாள் மதியம், சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். மூளையில் இரத்தக்கசிவு என்றார்கள். மாமா கடையிலிருந்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

மாலை போட ஒரு படம் வேண்டும் என்று மகள் விசேஷப் படம் ஒன்றை எடுத்துப் பெரிதாக்கிக் கொடுத்தாள். மாமா அதைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் போன பிறகு என்னை அழைத்தார்.

"இது அவ இல்ல அம்மிணி. இது ஊருக்குக் காட்டுன மூஞ்சி. ரயில் வரப்ப சிரிப்பாள்னு நீயி ஒருக்கா சொன்னயல்ல?"

"ஆமாங்க மாமா."

"நான் அதப் பாத்ததே இல்ல."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. அத்தனை வருடமும் அவர் முன்னால் உட்கார்ந்திருந்தார், அவள் பின்னால் நின்றிருந்தாள். ரயில் வரும் கணத்தில் அவர் கண் கேமராவில் இருக்கும். அவர் திரும்பும்போது அவள் காப்பி ஊற்றிக்கொண்டிருப்பாள்.

அதன்பிறகு அவர் தேடத் தொடங்கினார். கணினியில் இருந்த எஞ்சின் படங்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்த்தார். எங்கும் கை இருந்தது. வெள்ளை எஞ்சினில், சிவப்பு எஞ்சினில், சரக்கு வண்டியில், யார் யாருடைய கைகளோ அவருடைய தலைக்கு மேலாகப் பின்னால் நின்ற அவளை நோக்கி நீண்டிருந்தன. நிழல் விழுந்த படங்களாவது இருக்கின்றனவா என்று பார்த்தார். அவர்தான் எல்லாவற்றையும் ஒழுங்காக அழித்திருந்தாரே. நான் தினமும் டைரி எழுதுகிறவள் என்பது தெரிந்ததால் என்னிடமும் கேட்டார். எடுத்துப் பார்த்தேன். எந்தப் பஸ்ஸில் போனேன், சோளம் எவ்வளவு உயரம் வளர்ந்திருந்தது, வண்டி தாமதமா இல்லையா என்பதெல்லாம் இருந்தது. "அக்காவுடன் ரயில் பார்த்தேன்" என்று இருந்தது. அந்தச் சிரிப்பை வாயால் சொல்லிப் பார்த்தேன். நான் சொல்லச் சொல்ல அது யாரோ ஒருத்தியின் சிரிப்பாக ஆகிக்கொண்டே போனது. மாமா தலையாட்டிக் கேட்டுவிட்டு, "செரி உடு" என்றார்.

அவளுடைய முகத்தை நேருக்கு நேர் பார்த்தவர்கள் ஓட்டுநர்கள் மட்டுமே என்று அவருக்குத் தோன்றிவிட்டது. ஈரோடு நிலையத்தில் ஓட்டுநர்கள் மாறும் இடத்தில் போய் நிற்க ஆரம்பித்தார். நடைமேடைச் சீட்டு வாங்கிக்கொண்டு, எஞ்சின் வந்து நிற்கும் முனையில் காத்திருப்பார். ஒருமுறை நானும் போனேன். பணி முடிந்து பெட்டியோடு இறங்கிய நடுவயது ஓட்டுநர் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். மாமா பக்கத்தில் போய்க் கேட்டார்.

"ஏனுங்க, சங்ககிரி வளைவுல ஒரு பொம்பள கொடை புடிச்சு நின்னு கை காட்டுமுங்களே, பாத்திருக்கீங்களா?"

"கத்திரிப்பூ கலர் குடையா? அட, அந்தம்மாவா!" அவர் முகம் மலர்ந்தது. "ஞாயித்துக்கிழமைன்னா நிப்பாங்க. நாங்களே பேசிக்குவோம். இப்பக் கொஞ்ச நாளா காணோமே."

மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "சிரிப்பாங்களாமுங்க. எப்படிங்க இருக்கும் மூஞ்சி?"

ஓட்டுநர் மாமாவை ஒரு மாதிரிப் பார்த்தார். "அந்த வேகத்துல மூஞ்சி எங்கங்க தெரியுது? குடை தெரியும், கை தெரியும். கை காட்டினா நாங்களும் காட்டுவோம். கண்ணு சிக்னல்ல இருக்குமில்ல?" பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஏங்க, காணாமப் போயிட்டாங்களா? போலீஸ்ல சொல்லியாச்சா?"

"ஆமாங்க," என்றார் மாமா. எதற்கு ஆமாம் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

இந்த வருடம் சோளம் கதிர் விட்டிருந்தபோது மாமா என்னை வளைவுக்குக் கூப்பிட்டார். கத்திரிப்பூ நிறக் குடையை எடுத்து வந்திருந்தார். அக்கா நின்ற இடத்தில் என்னை நிற்கச் சொன்னார். அவர் வழக்கமான இடத்தில் குத்துக்காலிட்டார். ஆனால் தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டி, என்னைப் பார்த்து உட்கார்ந்தார்.

"வண்டி வாரப்ப நீ கை காட்டு அம்மிணி. நான் உன்னைத்தான் எடுப்பேன். ஒருக்கா திரும்பியிருந்தா என்ன கெடச்சிருக்கும்னு பாக்கோணும்."

கிசுகிசுப்புக் கேட்டது. மண் அதிர்ந்தது. வந்தது புது வெள்ளை எஞ்சின். நான் குடையைப் பிடித்துக்கொண்டு கையைத் தூக்கினேன். சிரிக்க முயன்றேன், வாய் திறந்தது. எஞ்சினின் ஜன்னல்கள் மூடியிருந்தன. இப்போது உள்ளே ஏசி வைத்திருக்கிறார்களாம். கண்ணாடியில் வானம் மட்டும் தெரிந்தது. வண்டி போய்விட்டது. மாமா ஒருமுறைகூடத் திரும்பி அதைப் பார்க்கவில்லை.

"கை காட்டுனாங்களா?"

"இல்லீங்க மாமா. சன்னல் சாத்தியிருந்துது."

அவர் கேமராவின் திரையைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். எனக்குப் பின்னால் சூரியன் கொழுந்துவிட்டு எரிந்தது. குடை இருந்தது, தூக்கிய கை இருந்தது. முகம் இருந்த இடத்தில் கரி பூசினாற்போல ஒரு கறுப்பு. கண்ணும் இல்லை, வாயும் இல்லை.

"எஞ்சினுக்கு வெளிச்சம் வேணும்னு பாத்துப் பாத்துப் புடிச்ச எடம் இது," என்றார். "திரும்பியிருந்தாலும் கெடச்சிருக்காது அம்மிணி."

லென்ஸுக்கு மூடி போட்டார். பிளாஸ்க் எடுத்து வர இருவருக்குமே தோன்றவில்லை. வரப்பில் எங்கள் இருவரின் நிழல்களும் தண்டவாளத்தை நோக்கி நீண்டு கிடந்தன. ஒதுங்கி நிற்கும்படி யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

அன்று மாலை நான் நாமக்கல்லுக்குக் கிளம்பும்போது, அவர் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த இந்தச் சிவப்பு எஞ்சின் படத்தைக் கழற்றி ஒரு பழைய துண்டில் சுற்றிக் கொடுத்தார். "நீயாவது அவளைப் பாத்திருக்கற, நீயே வெச்சுக்க" என்றார். கேமராவை விற்றுவிட்டார் என்று மகள் பிறகு சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கடையைத் திறக்கிறாராம்.

காலையில் எழுந்ததும் என் கண் முதலில் படுவது அந்தச் சுவரில்தான். சிவப்பு எஞ்சின், சோளக்காடு, முகத்தில் நேராக விழும் வெயில். ஓட்டுநரின் கை இன்னும் கீழே இறங்கவில்லை. நான் பார்த்த சிரிப்பை நினைவில் கொண்டுவர முயல்கிறேன். சில நாட்களாகக் குடைதான் வருகிறது, தூக்கிய கைதான் வருகிறது.