பலூனைத் தின்ற ஆடு

தொண்ணூறுகளின் இறுதியில், கோவில்பட்டியில் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு இடைசெவல் அருகே சித்தி வீட்டுக்குப் போயிருந்தபோது நடந்தது இது.

பருத்தி எடுத்து முடிந்த கரிசல் காட்டில் சித்தியின் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அங்கே கிழிந்த ரப்பரும் நூலுமாக ஒரு வெள்ளைப் பெட்டி விழுந்து கிடந்தது. நாங்கள் ஓடிப்போய்ச் சேர்வதற்குள், சித்தி பிள்ளைபோல் வளர்த்த நிறைசினை வெள்ளாடு அந்த ரப்பரில் ஒரு துண்டை விழுங்கிவிட்டது.

"ஏட்டி, வெசமா இருக்குமோ? பொட்டில என்ன எழுதியிருக்குன்னு பாரு." சித்தி ஆட்டின் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினார்.

வானிலைக் கருவி என்று ஆங்கிலத்தில் அச்சிட்டு, ஒரு தொலைபேசி எண்ணும் கொடுத்திருந்தார்கள். அறிமுகமற்றவரிடம் பேசக் கூசுகிறவள் நான். ஆயினும் பெட்டியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு எஸ்.டி.டி. பூத்துக்குப் போனோம்.

"தாயி, குண்டுகிண்டா இருக்கப் போவுது. அத வெளிய வச்சிட்டுப் பேசு" என்றார் பூத் அண்ணாச்சி.

"வெடிச்சா நாங்களுந்தான போவோம். சும்மா இரும் அண்ணாச்சி" என்றார் சித்தி.

மறுமுனையில் ஒருவர் மலையாள வாடைத் தமிழில் பேசினார். ராக்கெட் ஏவுமுன் உயரத்தில் வீசும் காற்றை அளக்கப் பலூனில் கட்டி அனுப்பும் கருவியாம்; திருவனந்தபுரம் பக்கமிருந்து மலை தாண்டி வந்திருக்கிறது. ஆட்டைப் பற்றிச் சொன்னதும் அவர் குரல் மாறியது. பேட்டரியைக் கடித்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிவிட்டு, லைனிலேயே காத்திருந்தார். பேட்டரி முழுதாக இருந்தது. அப்படியானால் விஷமில்லை, ரப்பர் குடலை அடைக்காமலிருக்கக் கால்நடை மருத்துவரிடம் உடனே காட்டுங்கள் என்றவர், ஆடு என்னவாயிற்று என்று மறக்காமல் சொல்லும்படியும் கேட்டுக்கொண்டார்.

மருத்துவர் மருந்து புகட்டினார். இரண்டு நாள் ஆடு தழையைத் தொடவில்லை. சித்தியும் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகொரு காலையில் புழுக்கையோடு ரப்பரும் வெளியே வந்தது. சித்தி என்னைப் பூத்துக்கு இழுத்துச் சென்றார். செய்தி கேட்டு அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். உடனே சித்தி ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டார்.

"ஐயா, ஒங்க ராக்கெட்டு நல்லபடியா போயிட்டா?"

காற்று சரியில்லை, தள்ளிப்போட்டிருக்கிறோம் என்று அவர் சோர்வாகச் சொன்னது எனக்கும் கேட்டது.

"அதுக்கென்ன, காத்து அடங்கட்டும். எங்க ஆடும் இன்னும் ஈனல. ரெண்டும் நல்லபடியா நடக்கும், வெசனப்படாதீய."

இன்றும் ராக்கெட் கிளம்பிய செய்தியைக் கேட்கும்போதெல்லாம், காற்று அடங்குவதற்காக எங்கோ காத்திருந்த அந்த முகமறியாத மனிதருக்காக என் மனம் ஒரு கணம் நிம்மதி கொள்கிறது.