குணம் அண்ணையின் சிவப்புப் பென்சில்

குணம் அண்ணை இறந்த செய்தி வட்ஸ்அப்பில் வந்தது. 'ஞாயிறு மேசை' குழுவில் கஜன் போட்டிருந்தார்: "எங்கட குணம் அண்ணை காலமாகிவிட்டார். மாரடைப்பு. விபரம் பிறகு." நான் அப்போது ஒரு பாடநூலுக்காகத் தவளையின் சமிபாட்டுத் தொகுதியைப் படமாகக் கீறிக்கொண்டிருந்தேன். ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குடலைக் கீறி முடித்தேன். மறுபடி எடுத்துப் பார்த்தபோது இரங்கல்கள் நிறைந்து கிடந்தன. "எங்கள் எல்லோரது கோடுகளையும் திருத்தியவர்." "யாரையும் நோகடிக்காத மனிதர்." "குழந்தை உள்ளம்." நடுநடுவே மெழுகுதிரிகளும் கூப்பிய கைகளும்.

முதலாவது உண்மை. இரண்டாவது பொய். மூன்றாவதைப் பற்றி எனக்குத் தெரியாது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நினைவு மலர் ஒன்று வெளியிடுகிறோம், நீங்களும் எழுதவேண்டும் என்று கஜன் கேட்டார். மறுத்தேன். எங்கள் ஞாயிறு மேசை, அண்ணையின் முறையிலேயே தொடரும் என்றும், அண்ணை இருந்த இடத்தில் இனி நான் இருக்கவேண்டும் என்றும் அவர் அதோடு சேர்த்துச் சொன்னார். அப்படியென்றால் எழுதுகிறேன் என்றேன். இது மலருக்கு ஒத்துவராது என்று நினைத்தால் அவர் தாராளமாக விட்டுவிடலாம். ஆனால் அந்த முறை தொடரக்கூடாது என்பதை, அதன் கீழ் இருந்தவர்களுக்கு முன்னால் யாராவது ஒருவர் சொல்லியாகவேண்டும்.

எங்களை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மேல்மாடி; கீழே சாறிக்கடை, பக்கத்தில் ரியூசன் வகுப்பு. மாதத்தில் ஒரு ஞாயிறு அங்கே படம் கீறுகிற தமிழர்கள் கூடுவோம். பல் வைத்தியரிடம் வேலை செய்கிறவர், பஸ் ஓட்டுகிறவர், என்னைப்போல இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் என்று பலரும் வருவார்கள். நாங்கள் கீறுவது ஆளை ஆளாகவே காட்டுகிற படங்கள் அல்ல. தலையைப் பெருப்பித்து, காலைச் சுருக்கி, மூக்கை ஒரே கோட்டில் முடித்து, ஒவ்வொருவரும் தன் தன் பாணியில் கீறுவது. அப்படியான படத்தில் குறை சொல்வது லேசான வேலை இல்லை. நீண்டுபோன கழுத்து பிழையா, விருப்பமா என்று கீறியவரைக் கேட்காமல் தெரியாது. குணம் அண்ணை யாரையும் கேட்டதில்லை.

அவருடைய முறை இதுதான். படத்தை மேசையில் வைப்பார். அதன்மேல், அடியில் இருப்பது தெரிகிற மெல்லிய ரேசிங் தாள் ஒன்றை விரிப்பார். படத்துக்குச் சொந்தக்காரர் இரண்டு கையாலும் தாளின் மூலைகளை அழுத்திப் பிடித்துக்கொள்ளவேண்டும். பிறகு சிவப்புப் பென்சிலால் அவர் அதன்மேல் சரியான படத்தைக் கீறுவார். எல்லாரும் சுற்றி நின்று பார்ப்போம். "வாயால சொன்னால் காதோட போயிரும். கையால சொல்லோணும்" என்பார். இரண்டு கையும் தாளில் இருக்கும்போது யாராலும் மறித்துப் பேச முடிவதில்லை. அதை அவர் திட்டமிட்டுச் செய்தார் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அது அவருக்கு வசதியாக இருந்தது.

அந்தப் பழக்கம் அவருக்கு வேலையிலிருந்து வந்தது. கார்ட்டூன் படம் தயாரிக்கும் ஸ்ரூடியோ ஒன்றில் நெடுங்காலம் இருந்தவர். பலர் கீறிய படங்கள் அவரிடம் வரும். அதே முயல் எல்லார் கையிலும் அதே முயலாகத் தெரியும்படி மேலே கீறித் திருப்பி அனுப்புவார். அங்கே ஒருவருடைய கை மற்றவருடையதிலிருந்து வேறாகத் தெரிந்தால் அது பிழை. அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். அந்த வேலையை அவர் மிகத் திறமாகச் செய்தார் என்பதை நான் நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமையும் அதே வேலைதான் என்று எண்ணியதுதான் அவருடைய தவறு. அவருடைய பெயர் திரையில் ஓடியதைப் பார்த்திருந்த எங்களுக்கு அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

என்னுடைய முறை வந்தது. மார்க்கம் வீதியில் பஸ்ஸுக்கு நிற்கிற பெண்களைக் கீறியிருந்தேன். கையில் கடைப்பைகள், கைகள் நிலம் தொடும் அளவுக்கு நீளம். அவர் பார்த்தார்.

"கை நீண்டது சரி. தோள் ஏன் சும்மா நிக்குது? பாரம் கையில மட்டுமோ?"

அதைவிடப் பயனுள்ள ஒரு குறையை என் படத்தைப் பற்றி யாரும் சொன்னதில்லை. ஓரிடத்தில் மிகைப்படுத்தினால் உடம்பு முழுவதும் அதற்குப் பதில் சொல்லவேண்டும். தோள் சரியவேண்டும், கழுத்து முன்னே வரவேண்டும், ஒரு குதி எழும்பவேண்டும். அவர் அதோடு நிறுத்தியிருந்தால் நான் வீட்டுக்குப் போய் ஒரு கிழமை அந்தத் தோளோடு மல்லுக்கட்டியிருப்பேன். அவர் நிறுத்தவில்லை. தாளை விரித்தார். நான் மூலையைப் பிடித்தேன். தோளைச் சரித்தார், முகத்தைத் திருப்பினார், பையை மாற்றினார், பின்னால் நின்ற கிழவியை எடுத்தே விட்டார்.

"அந்த மனிசி எங்கை?" என்று கேட்டேன்.

"ஆர்?"

"பின்னால நிண்டவ."

"அவ தேவையில்லை."

"எனக்குத் தேவை."

"உது உங்கட யூனிவேர்சிற்றி விளக்கம். படத்துக்குத் தேவையில்லை, ரீச்சர்."

நான் எங்கும் படிப்பித்ததில்லை. கலை வரலாறு படித்தவள் என்று அறிந்த நாளிலிருந்து என்னை அப்படித்தான் கூப்பிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். கிழவியை நான் எடுக்கவில்லை.

எனக்கு நடந்தது பெரிய விஷயம் இல்லை. நான் கோபத்தோடு வீட்டுக்குப் போய் வேலை செய்யக்கூடியவள். றெஜினா அப்படி அல்ல.

றெஜினா மன்னார்ப் பக்கத்தவர், முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்பவர். வேலை முடிந்து, அங்கே இருக்கிறவர்களை நினைவிலிருந்து கீறுவார். அவருடைய ஆட்களுக்குக் கழுத்தே இராது. தலை நேரே தோளில் குந்தியிருக்கும். கண்கள் முகத்தின் இரண்டு ஓரங்களிலும், மீனுக்கு இருப்பதுபோல. எந்தப் பள்ளியும் இதைச் சொல்லிக் கொடுக்காது. அந்தப் படங்களை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குப் பொறாமை வந்தது. எனக்கு அது அடிக்கடி வருவதில்லை.

குணம் அண்ணை தாளை விரித்தார். "கழுத்து இல்லாமல் மனிசர் எப்பிடிப் பிள்ளை திரும்பிப் பாக்கிறது?"

"அவையள் திரும்பிப் பாக்கிறேல்லை அண்ணை" என்றார் றெஜினா, மிக மெதுவாக.

அவர் சொன்னது படத்தின் முழு விளக்கம். கதிரையில் இருத்திய பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிற மனிதர்கள் அவர்கள். குணம் அண்ணைக்கு அது காதில் விழவில்லை, அல்லது விழுந்தும் பொருட்படுத்தவில்லை. கழுத்தைக் கீறினார். கண்களை உள்ளே கொண்டுவந்தார். "உது ஸ்ரைல் இல்லை, பிள்ளை. உது தெரியாமை. வெக்கப்படாதையும், எல்லாருக்கும் இருந்ததுதான்." அன்பாகத்தான் சொன்னார். அதுதான் மோசம். திட்டியிருந்தால் நாங்கள் யாராவது குறுக்கே விழுந்திருப்போம்.

மாதாமாதம் இது நடந்தது. றெஜினா கெட்டிக்காரி, சொன்னதைப் பிடித்துக்கொள்பவர். கழுத்துகள் வளர்ந்தன. கண்கள் உள்ளே வந்தன. அடுத்து வந்த எங்கள் கண்காட்சியில் அவருடைய படங்களைக் குணம் அண்ணையின் படங்களுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டோம். வந்தவர்கள் எல்லாவற்றுக்கும் குணம் அண்ணையின் கையைக் குலுக்கினார்கள். அவர் றெஜினாவைக் கூப்பிட்டு எல்லாருக்கும் முன்னால் சொன்னார்: "இப்ப என்ர எது, உன்ர எது எண்டு எனக்கே தெரியேல்லை. முன்னேற்றம் எண்டால் உதுதான்."

றெஜினா சிரித்தார். அதன் பிறகு வரவில்லை.

பிறகொருநாள் குணம் அண்ணை என்னை வீட்டில் இறக்கிவிட வந்தபோது காரில் கேட்டார்: "உவள் றெஜினா ஏன் வாறேல்லை? நல்லா வந்துகொண்டிருந்த பிள்ளை."

"நீங்கள்தான் துரத்தினீங்கள்."

"நானோ? நான் அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு நேரம் மினக்கெட்டனான்."

"அதைத்தான் சொல்லுறன்."

"அப்ப பொய் சொல்லோணுமோ? நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு எண்டு தலையாட்டோணுமோ? அதுக்கு ஃபேஸ்புக் இருக்குதே."

"பொய் வேண்டாம். கேட்கச் சொல்லுறன். என்ன செய்யப் பாக்கிறீர் எண்டு."

"அது அவளுக்கே தெரியாது."

"தெரியுமட்டும் பென்சிலை வையுங்கோ."

அவர் விளக்கில் நின்ற முன்காருக்கு ஹோர்ன் அடித்தார். பச்சை விழுந்திருக்கவில்லை. "நீங்கள் ஆக்களைத் தடவிக் குடுக்கச் சொல்லுறீங்கள்" என்றார்.

தடவிக் கொடுப்பதை நான் கேட்கவில்லை. பாராட்டு மட்டுமே சொல்கிற மேசைகளிலும் இருந்து பார்த்தேன். அங்கே யாரும் ஒரு அங்குலம் நகர்வதில்லை. குறையைக் கூர்மையாக, பெயர் சொல்லிச் சொல்லவேண்டும். ஆனால் அந்தப் படம் எங்கே போகப் பார்க்கிறதோ, அந்தப் பாதையில் எங்கே தடுக்குகிறது என்று சொல்வதுதான் குறை. போகிற இடத்தையே மாற்றிவிடுவதற்கு வேறு பெயர்.

அவர் தன் படத்தை மேசையில் வைப்பதில்லை. எல்லாரும் வைக்கிறோம், நீங்களும் வையுங்கோ என்று ஒருமுறை வற்புறுத்தினேன். திருவிழாக் கூட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். கோடு ஒவ்வொன்றும் கத்தி.

"அண்ணை, உவையள் எல்லாருக்கும் ஒரே முகம்" என்றேன்.

"அது ஸ்ரைல்" என்றார்.

மேசை சிரித்தது. கஜன் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார். குணம் அண்ணை சிரிக்கவில்லை. படத்தைச் சுருட்டிக் குழாய்க்குள் போட்டுக்கொண்டார். அடுத்த மாதம் வழக்கம்போலப் பென்சிலோடு வந்தார்.

அண்ணையின் உடலைப் பார்வைக்கு வைத்திருந்த அன்று றெஜினாவைக் கண்டேன். வேலை உடுப்பின்மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார், அழுதிருந்தார். எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது, மறைக்காமல் கேட்டுவிட்டேன்.

"அவர் செத்ததுக்கும் அழுதனான் அக்கா. முந்தி அவர் கீறினதுக்கும் அழுதனான். அது வேற, இது வேற."

"இப்ப கீறுறனீங்களோ?"

"கீறுறன். ஒருத்தருக்கும் காட்டுறேல்லை."

"மேசைக்கு வாங்கோவன்."

"மேல கீறுவினமோ?"

பின்னால் நின்ற கஜன், அண்ணையின் முறையை விடமாட்டோம் என்று யாருக்கோ உறுதி கொடுத்துக்கொண்டிருந்தார். றெஜினாவுக்கும் அது கேட்டது. கோட்டின் பொத்தானைப் பூட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

ஆகவே கஜனுக்கு என் பதில்: ரேசிங் தாள் இருக்கும் மேசையில் நான் அந்த இடத்தில் இருக்கமாட்டேன். சாதாரண கதிரையிலும் இருக்கமாட்டேன்.

ஆனால் இது அஞ்சலி. அவரிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லாமல் முடிப்பது நியாயமில்லை. ஒன்று இருக்கிறது.

ஒரு பனிக்கால ஞாயிறு, வீதியெல்லாம் மூடிக் கிடந்தது. மேசைக்கு வந்தவர்கள் நாங்கள் இருவர்தான், இருவருக்கும் அதில் மகிழ்ச்சி இல்லை. அவர் பையைக் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். கீழே இறங்கிப்போக அந்தக் குளிரில் மனம் வரவில்லை. கையில் பென்சிலும் இல்லை, தாளும் இல்லை. நான் ஒரு குடும்பப் படத்தை வைத்தேன். செய்ய வேறொன்றும் இல்லாததால் அவர் அதைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுப் பார்த்தார். படத்தைத் தலைகீழாக வைத்துவிட்டு எழுந்து சுவர்வரைக்கும் போய் நின்று பார்த்தார். கோப்பி ஆறிப்போனது. அவ்வளவு நேரம் என் படத்தை யாரும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை.

"எல்லாரையும் சுற்றிக் கோட்டை அங்கங்கை திறந்து விட்டிருக்கிறீங்கள். காற்றுப் போகுது. உந்த ஓரத்தில நிக்கிறவரை மட்டும் மூடிப்போட்டீங்கள். ஒரு இடமும் திறக்கேல்லை" என்றார். பிறகு, குரலைத் தாழ்த்தி, "உவருக்குப் பயமோ?" என்று கேட்டார்.

அது என் தகப்பனார். அதை நான் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. அந்தக் கோட்டை மூடியதும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

படத்தை எடுத்துக்கொண்டேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. பென்சில் கையில் இருந்திருந்தால் அவர் அந்தக் கோட்டைத் திறந்திருப்பார். திறமான படமாகவும் வந்திருக்கும். நான் என்ன செய்து வைத்திருந்தேன் என்பது மட்டும் எனக்குக் கடைசிவரைக்கும் தெரியாமல் போயிருக்கும்.

அன்றைய பார்வையை நான் வைத்துக்கொள்கிறேன். அது அவருடையதுதான், வேறு யாரிடமும் நான் அதைக் கண்டதில்லை. மற்றதை எடுத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். கஜன் இதற்கு என்ன பதில் எழுதுவார் என்று தெரியாது. அவர் என்ன எழுதினாலும், வருகிற ஞாயிறு என் வீட்டுக் குசினி மேசை வெறுமையாக இருக்கும் என்று றெஜினாவுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன். அவர் படத்தைக் கொண்டுவந்தால், முதலில் கோப்பி ஆறும்வரை பார்ப்பேன். அவருடைய கைகள் இரண்டும் சும்மா இருக்கும்.