மரத்தில் அடித்த போன்

கல்லூரிக்காக நானே செய்த, ரிமோட்டில் பறக்கும் குட்டி விமானத்துக்குச் சேலத்துக் கடையில் ரிசீவர் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்.

"இது ரிமோட் சிக்னலை வாங்கிக்கும். பிளேன்ல இருந்து திருப்பி எதுவும் அனுப்பாதுங்க" என்றார் கடைக்காரர்.

எங்கள் மலை ஊரான வாழவந்தி நாட்டில், தோட்டத்துக் கடைசி மரத்தில்தான் எங்களுக்கு சிக்னல் கிடைக்கும். செல்போன் அதன் கிளையிலேயே தொங்கும். முன்பொரு மழை நாளில் அம்மாவைப் பாம்பு கடித்ததும் அப்பா அங்கே ஓடி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். பழக்கத்தில் போனைக் கிளையில் மாட்டிவிட்டுத் திரும்பினார்.

"வண்டி வருது கண்ணு. அம்மாவைத் தூங்க உடாதே."

வழி கேட்டு டிரைவர் அழைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். மழைச் சத்தத்தில் வீட்டிலிருந்த எங்களுக்குக் கேட்கவில்லை. வழி தெரியாமல் சுற்றி வண்டி வந்தபோது அம்மா உயிரோடு இல்லை.

"ஏனுங்க, போனை எடுத்திருக்கக் கூடாதா?" என்றார் டிரைவர். அப்பா மரத்தைப் பார்த்தார்.

"திருப்பி அனுப்பற ரிசீவர் குடுங்கண்ணா" என்றேன் கடைக்காரரிடம்.

"வெளையாட்டு பிளேன்தானுங்களே, இதே போதும்" என்று சிரித்தார்.

"பத்தாதுங்க."