வாரைச் சுண்டியது நான்தான்

சம்பத்தின் கை நழுவவில்லை. துப்பாக்கி வாரைச் சுண்டி இழுத்தது நான்.

சேலத்தில் ஒரு நாளிதழில் செய்தி திருத்துகிறவன் நான். யார், எங்கே, எப்படி என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுவோம். 'ஏன்' என்பது கடைசியில் வரும். இடம் போதாவிட்டால் அதைத்தான் வெட்டுவோம். இங்கே நான் வெட்டப் போவதில்லை.

எங்களுடையது சேமப்படைக் கம்பெனி. இராணுவம்தான், ஆனால் முழுநேரம் இல்லை. ஆண்டில் சில வாரங்கள் சீருடை. மற்ற நாட்களில் லாரிப் பட்டறை, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி, கோழிப்பண்ணை என்று அவரவர் பிழைப்பு. அரசு அழைத்தால் போக வேண்டும்.

சம்பத் குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டியவர். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். முகாமில் எனக்குப் பக்கத்துக் கட்டில். என்னைப் 'பேப்பர் தம்பி' என்பார்.

அந்த ஆடியில் மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். குமாரபாளையத்தின் ஆற்றோரத் தெருக்களுக்குள் காவிரி வந்துவிட்டது. எங்களை அழைத்தார்கள். ஒரு வீட்டில் ஒருவர் தறி மோட்டாரைக் கழற்றி மேலே வைக்காமல் வர மாட்டேன் என்று உள்ளேயே நின்றார். படகிலிருந்து இறங்கி அவரைக் கூட்டி வரும்படி எங்கள் அதிகாரி சுபேதார் எனக்குச் சொல்லிவிட்டு, வேறு படகில் அடுத்த தெருவுக்குப் போனார். எங்கள் படகில் நானும் சம்பத்தும்தான்.

நான் இறங்கவில்லை.

இடுப்பளவு தண்ணீர்தான்... டீயின் நிறம். ஒரு காலி சிலிண்டர் சுவரில் மோதி மோதித் திரும்பிக்கொண்டிருந்தது. படகின் விளிம்பைப் பிடித்த என் கை அதை விடவே இல்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன்? தெரியவில்லை.

"நீங்க கயித்தப் புடிச்சுக்கோங்க தம்பி," என்று மட்டும் சொல்லிவிட்டு சம்பத் இறங்கினார். அந்த மனிதரை ஒரு கையிலும் மோட்டாரைத் தோளிலுமாகக் கொண்டுவந்தார். தண்ணீருக்குள் கிடந்த தறிச் சட்டத்தில் அவருடைய முழங்கால் இடித்திருந்தது.

சாயங்காலம் நாங்கள் தங்கிய பள்ளிக்கூடத்தில், உள்ளே போனது யார் என்று சுபேதார் விசாரித்தார். ஆத்தூர்க்காரர், எதையும் இருமுறை கேட்க மாட்டார்.

"பேப்பர் தம்பிதானுங்க," என்றார் சம்பத்.

எல்லோர் முன்னாலும் சுபேதார் என் தோளில் தட்டினார். நான் மறுக்கவில்லை.

அதன்பின் சம்பத் அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. கேலி இல்லை, குறிப்பால் ஒரு சிரிப்பும் இல்லை. ஒரு தடவையாவது சொல்லிக் காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்! முகாம் நாட்களில் தினமும் காலையில் கண் விழித்ததும், என்னை முழுதாகத் தெரிந்த ஒரு முகம் பக்கத்துக் கட்டிலிலிருந்து, "தூங்குனீங்களா தம்பி?" என்று அன்பாகக் கேட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பொங்கல் கழிந்ததும் உத்தரவு வந்தது. கம்பெனி ஓராண்டுக் காவல் பணிக்கு வடக்கே போகிறது. அதற்கு முன் மோகனூரில் முகாம், உடல் தகுதித் தேர்வு. ஓட்டத்தில் நேரத்துக்குள் வராதவரின் பெயர் நீக்கப்படும்.

சம்பத்தின் தறி முதலாளி அதற்குள் தறிகளை எடைக்குப் போட்டுவிட்டார். மகள் பிளஸ் டூ. அந்த ஓராண்டுச் சம்பளத்தை விட்டால் அவருக்கு வேறு வழியில்லை. வயதைப் பார்த்தால் அடுத்த வாய்ப்பும் இல்லை. இது செக்‌ஷன் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

முழங்கால் சரியாகவில்லை. டாக்டரிடம் மறைத்துவிட்டார். "அண்ணன் முட்டிக்கு கிரீஸ் அடிச்சாத்தான் வண்டி நவுரும்," என்பார் ரிக் ஓட்டுகிற நாச்சிமுத்து. சம்பத்தும் சேர்ந்து சிரிப்பார்.

எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. கடைசி மைலில் ஒருவர் தளர்ந்தால், தெம்பாக ஓடுகிறவர் தன் துப்பாக்கி வாரின் ஒரு முனையை அவிழ்த்துப் பின்னால் நீட்டுவார். தளர்ந்தவர் அதைப் பிடித்துக்கொள்வார். முன்னால் ஓடுகிறவர் இழுத்துக்கொண்டே போவார். விதியில் இதற்கு இடமில்லை. அதிகாரிகள் பார்க்காதது போல் இருப்பார்கள். வார் கொடுத்தவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. பிடித்திருப்பவரின் முகத்தை அந்த நேரத்தில் பார்ப்பது மரியாதை இல்லை என்பார்கள்.

அவருக்கு வார் கொடுத்தது நான். நானேதான் முன்வந்தேன்... அதை எப்படிப் புரிந்துகொள்வீர்கள்? எனக்கே புரியவில்லை.

வாய்க்கால் கரை. ஒரு பக்கம் கரும்பு, மறுபக்கம் வாழை. வார் இறுகியிருந்தது. அவர் மூச்சு கேட்டது. எல்லைக் கொடி கண்ணுக்குத் தெரிந்தது. நேரமும் இருந்தது, இதை நன்றாகக் கவனியுங்கள், நேரம் இருந்தது. அவரை இழுத்துக்கொண்டே நானும் தேறியிருப்பேன்.

மதகுத் திருப்பத்தில் அந்த நினைப்பு வந்தது. இன்னும் ஓராண்டுக்கு இதே முகம் பக்கத்துக் கட்டிலில்.

துப்பாக்கியை ஒரு தரம் சுண்டினேன். ஒரே ஒரு தரம். வார் லேசாகிவிட்டது.

திரும்பிப் பார்க்கவில்லை. பழக்கம்தானே! அந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டே எல்லையைத் தாண்டினேன்.

நேரம் முடிந்ததற்கான விசில் ஒலித்த பிறகுதான் அவர் நொண்டிக்கொண்டு வந்தார். புழுதியில் விழுந்திருந்தார், உள்ளங்கை சிராய்த்திருந்தது. நான் ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். அது தேவைப்படவே இல்லை.

"எம்மேல தப்புங்க தம்பி," என்றார். "வேர்வைல கை நழுவிருச்சு. நீங்க பாவம், அத்தன தூரம் இழுத்தீங்க."

"பரவால்லீங்ணா," என்றேன்.

நான் அவரை மன்னித்தேன். மன்னித்தேன்!

சம்பத் இல்லாமல் கம்பெனி வடக்கே போயிற்று. ஒரு கிடங்கைக் காவல் காத்தோம். அந்த ஆண்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பனி, மூடுபனி, வெயில், மறுபடி பனி. காவல் மாறியது, கட்டில் மாறவில்லை. என் பக்கத்துக் கட்டிலில் நன்றாக உறங்குகிற ஒருவர் இருந்தார். அவருக்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை; குற்ற உணர்வும் வரவில்லை. பல் பிடுங்கும் முன் மரத்துப்போகும் ஈறு மாதிரி ஒன்று இருந்தது. அது இன்னும் தெளியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சம்பத் போன் செய்வார். சங்ககிரியில் ஒரு லாரி நிறுத்தத்தில் வாட்ச்மேன் ஆகிவிட்டார். மகள் கல்லூரிக்குப் போகவில்லை. நூல் மில்லில் சேர்ந்துவிட்டாள். இதைக் குறையாகச் சொல்லமாட்டார், செய்தியாகச் சொல்வார். பிறகு, அங்கே குளிர் எப்படி, கம்பளி போதுகிறதா என்று கேட்பார். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வேன்.

ஓராண்டு முடிந்து சேலம் ரயில் நிலையத்தில் இறங்கினோம். சம்பத் வந்திருந்தார். கம்பெனியைப் பார்க்க லீவு போட்டுவிட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு.

ஒவ்வொருவராகத் தோளைத் தொட்டு விசாரித்தவர், என்னிடம் வந்ததும் மகளை முன்னால் அழைத்தார்.

"இங்க வா சாமி, இவருதான் நாஞ் சொன்ன பேப்பர் தம்பி. அன்னைக்கு நா கைய உட்டதுக்கு இன்னைக்கி வரைக்கும் ஒரு வார்த்த சொன்னதில்ல."

அந்தப் பெண் கைகூப்பினாள். அவள் மணிக்கட்டில் பஞ்சுத்தூள் ஒட்டியிருந்தது.

சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். வாக்கியம் அமைப்பதுதான் என் தொழில். இப்போது உங்களிடம் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் சம்பத் இல்லை. உங்களால் என்னை மன்னிக்க முடியாது. அது எனக்கு வசதி.

அன்று நான் அந்தப் பெண்ணுக்குத் திரும்பக் கைகூப்பினேன். அதற்குள் சம்பத் என் இரும்புப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவர் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படிக்கும் வலிக்கிற அந்தக் காலை இழுத்து வைத்து, நடைமேம்பாலத்தில் ஏறினார்.

வெறும் கையோடு நான் பின்னால் ஏறினேன்.